கோணிய நிலையும் அதை மூடும் பட்டியும்

மைசூரின் பழைய கட்டடங்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் முகப்பிலேயே நின்றுவிடுகிறது. வளைவுகள், தூண்கள், கோபுர மாடங்கள், தசரா விளக்குகள் ஆகியவற்றைக் கடந்து அது உள்ளே செல்வதில்லை. ஆனால் ஒரு கட்டடத்தின் உடல்நிலையை முகப்பு சொல்லாது. உள்ளறைக் கதவு சொல்லும். தலைவாசலுக்கு மஞ்சளும் குங்குமமும் கிடைக்கின்றன. பண்டிகைக்குப் பண்டிகை தோரணம் கிடைக்கிறது. கூடத்திலிருந்து அறைக்குச் செல்லும் கதவுக்கு எதுவும் கிடைப்பதில்லை. அது மழைக்காலத்தில் இறுகும், கோடையில் தளரும், சில வீடுகளில் எந்தக் காலத்திலும் சரியாகச் சாத்தாது. வீட்டார் அதற்குப் பழகிவிடுவர். வீட்டைப் புதுப்பிக்கும் நாள் வரும்போதுதான் அந்த நிலை கோணியிருப்பது கண்ணில் படுகிறது. அப்போது எழும் கேள்வி மிகச் சிறியதாகவே தோன்றும்: கோணிய நிலையைச் சுற்றி மரப்பட்டியை எப்படிப் பொருத்துவது? பழைய நகரம் ஒன்றைப் பேணும் முறையும் பேணாத முறையும் இந்தச் சிறிய கேள்விக்கு அளிக்கப்படும் விடையிலேயே பிரிந்துவிடுகின்றன.

கதவு நிலைக்கும் சுவர்ப்பூச்சுக்கும் இடையே எப்போதும் ஒரு பொருந்தாக் கோடு இருக்கும். மரம் ஈரத்துக்கேற்ப அசைவது. பூச்சு அப்படி அசையாதது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெடிப்பு விழும். அதை மூடுவதற்காக நிலையைச் சுற்றி மூன்று பக்கமும் அடிக்கப்படுவதே பட்டி. தச்சர் பேச்சில் அது பீடிங். பொறியாளர் பேச்சில் ஆர்க்கிட்ரேவ். நிலை செங்கோணமாக இருந்தால் வேலை எளிது. நிற்கும் பட்டி இரண்டு, தலைப்பட்டி ஒன்று, மூலைகளில் 45 பாகைச் சாய்வெட்டு, முடிந்தது. நிலை கோணியிருந்தால் அந்த 45 பாகை பொய்த்துவிடும். 75 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டியில் சாய்வெட்டின் நீளம் சுமார் 106 மில்லிமீட்டர். மூலை 90 பாகைக்குப் பதில் 91 பாகையாக இருந்தால், அந்த ஒரு பாகை வேறுபாடே வெட்டின் ஒரு முனையில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடைவெளியைத் திறந்துவிடும். அறைக்குள் நுழையும் எவர் கண்ணுக்கும் அது தப்பாது.

கோணலை அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமம் என்பது பள்ளிப் பாடம். 2100 மில்லிமீட்டர் உயரமும் 900 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட நிலை ஒன்றின் மூலைவிட்டம் சுமார் 2285 மில்லிமீட்டர். அந்நிலையின் தலைப்பகுதி பக்கவாட்டில் வெறும் 10 மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால், ஒரு மூலைவிட்டம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் கூடும். மற்றொன்று அதே அளவு குறையும். அளவு நாடாவில் 8 மில்லிமீட்டர் வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஆயினும் மூலைவிட்டம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. தலைச்சட்டம் நடுவில் தொய்ந்திருந்தால் மூலைவிட்டங்கள் சமமாகவே இருக்கும். ஒரு நூலை இழுத்துப் பிடித்தால்தான் தொய்வு தெரியும். கால்கள் சுவரிலிருந்து முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் தூக்குக்குண்டு மட்டுமே அதைக் காட்டும். ஆகவே நாடா, நூல், தூக்குக்குண்டு, மூலைமட்டம் ஆகிய நான்கும் சேர்ந்தே ஒரு நிலையைப் படிக்க வல்லவை.

இன்று நகரின் பழைய வீடுகளில் நடக்கும் வேலைக்கு இரண்டு குறுக்கு வழிகள் உண்டு. முதலாவது, 45 பாகையிலேயே வெட்டி அடித்து, திறந்த இடைவெளியில் மரத்தூளும் பசையும் கலந்து அடைத்து, மேலே வண்ணம் பூசுவது. அடுத்த கோடையில் அந்த அடைப்பு உதிரும். இரண்டாவது வழி அதனினும் கொடியது: கோணிய நிலையைப் பெயர்த்தெடுத்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து செங்கோணமாக வரும் புதிய நிலையைச் சிமெண்டு வைத்துப் பதிப்பது. நூறாண்டுத் தேக்கு விறகுக் கடைக்கோ பழைய மரக் கடைக்கோ போய்விடும். சுண்ணாம்புக் காரையிலோ மண்சாந்திலோ கட்டிய சுவரில், நிலையைச் சுற்றி மட்டும் இறுகிய சிமெண்டு வளையம் ஒன்று உருவாகும். சுண்ணாம்புச் சுவர் சிறிது நெகிழ்ந்து கொடுப்பது. ஈரத்தை உள்வாங்கி வெளிவிடுவது. சிமெண்டு இரண்டையும் செய்யாது. வெடிப்பு நிலையின் விளிம்பிலிருந்து வளையத்தின் விளிம்புக்கு இடம் மாறும். கோணல் ஒழிந்தது என்று மகிழும் வீட்டுக்காரர், கோணலுக்கான காரணம் அதே இடத்தில் இருப்பதை அறியமாட்டார்.

நல்ல தச்சர் செய்வது வேறு. அவர் 45 பாகையை நம்புவதில்லை, மூலையையே கேட்கிறார். பட்டியின் துண்டு ஒன்றை நிற்கும் பக்கத்தில் வைத்து அதன் வெளிவிளிம்பைச் சுவரில் பென்சிலால் நீட்டி வரைகிறார். அதே துண்டைத் தலைப்பக்கத்தில் வைத்து மற்றொரு கோடு வரைகிறார். இரு கோடுகளும் வெட்டும் புள்ளியையும் உள்மூலையையும் இணைத்தால் கிடைப்பதே அந்த மூலைக்குரிய சாய்வு. பாகைமானி தேவையில்லை, கணக்கும் தேவையில்லை. அந்தச் சாய்வு 45 ஆக இருக்காது. 45 அரை ஆகலாம், 44 ஆகலாம். இடது மூலையும் வலது மூலையும் ஒன்றாகவும் இருக்காது. கோணிய நிலையில் ஒன்று விரிந்தால் பெரும்பாலும் மற்றது குறுகும். ஒவ்வொரு மூலையும் தனக்குரிய வெட்டைத் தானே சொல்லும். கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது விளிம்பு. பட்டியை நிலையின் உள்விளிம்போடு ஒட்டி அடிப்பதில்லை. ஐந்தாறு மில்லிமீட்டர் உள்தள்ளி, நிலையின் ஓரம் சிறிது தெரியுமாறு அடிப்பர். நிலை கோணியிருக்கும்போது இந்த ஓரம்தான் தச்சரின் கைப்பொருள். பட்டியைத் தூக்குக்கு நேராக நிறுத்தினால் ஓரம் மேலிருந்து கீழாகக் குறுகிக்கொண்டே வரும். கண் உடனே பிடித்துவிடும். பட்டியை நிலைக்கு இணையாக நிறுத்தினால் ஓரம் சமமாக இருக்கும். ஆனால் பக்கத்திலுள்ள அலமாரியோடோ தரைக்கல்லின் கோட்டோடோ ஒப்பிடும்போது பட்டி சாய்ந்து தெரியலாம். எதற்கு இணங்குவது என்பதை விதி சொல்லாது. அறையில் நின்று பார்த்தே முடிவு செய்யவேண்டும். கண் மிக அருகிலுள்ள கோட்டோடுதான் ஒப்பிடும். ஆகவே பெரும்பாலும் நிலைக்கு இணங்குவதே நன்று. வேறுபாட்டை ஒரே இடத்தில் குவிக்காமல் ஓரத்தில் சிறிது, சுவர்ப்பக்கத்தில் சிறிது எனப் பகிர்ந்து கொடுப்பது அனுபவம். சுவர் மேடுபள்ளமாக இருந்தால் பட்டியின் பின்புறத்தையோ வெளிவிளிம்பையோ சுவரின் வடிவுக்கேற்ப இழைத்துக் குறைப்பர், சுவரை உடைப்பதில்லை.

பழைய தென்னிந்திய நிலைகளில் இச்சிக்கலுக்கு இன்னோர் எளிய விடையும் உண்டு. பலவற்றில் தலைச்சட்டம் கால்களின் மேல் படுத்து, இரு பக்கமும் சிறிது நீண்டு நிற்கும். பட்டியையும் அவ்வாறே அமைக்கலாம்: நிற்கும் பட்டிகளின் தலையில் தலைப்பட்டி நேராக அமர்ந்து, முனைகளில் ஒரு விரல் அகலம் வெளியே நீண்டிருக்கும். அப்போது கோணலுக்கேற்ப ஒரே ஒரு முனையைச் சீவினால் போதும். இரண்டு வெட்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவேண்டியதில்லை. பருவ மாற்றத்தையும் அது தாங்கும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, அகலவாக்கில் சுருங்கும். தேக்கு அதிகம் அசையாத மரம் என்று பெயர் பெற்றது. அதுவும் பச்சையிலிருந்து முழு உலர்வு வரை வளையங்களின் போக்கில் சுமார் 5 விழுக்காடு சுருங்கக்கூடியது. அகலம் குறைந்து நீளம் குறையாதபோது சாய்வெட்டின் கோணமே மாறிவிடும்; கோடையில் உள்மூலை திறக்கும், மழையில் வெளிமூலை திறக்கும். படுத்த தலைப்பட்டியில் அந்தச் சிக்கல் இல்லை. செங்கோணத்தை எதிர்பார்க்காத பொருத்தே கோணலையும் பருவத்தையும் தாங்குகிறது.

இதுவரை சொன்னது கோணலை மதிக்கும் கலை. ஆனால் இதோடு நின்றுவிட்டால் வாதம் பாதியே ஆகும்; அந்தப் பாதி ஆபத்தானதும்கூட. கோணல் எல்லாம் முதுமையின் அழகு அன்று. சில கோணல்கள் எச்சரிக்கைகள். பட்டி வெடிப்பை மறைப்பதற்காகவே பிறந்த பொருள். அது மறைக்கும் வெடிப்பு சுவர் நகர்வதன் அடையாளமாக இருந்தால், நேர்த்தியான பட்டியைவிடக் கெடுதலானது வேறில்லை.

ஆகவே பட்டி அடிப்பதற்கு முன் நிலையைப் படிக்கவேண்டும். கதவுப் பலகை மட்டும் முறுக்கி, நிலையின் மூலைவிட்டங்கள் சமமாக இருந்தால், குற்றம் மரத்தினுடையது. ஒரு கால் மற்றதைவிடத் தாழ்ந்து, தலைச்சட்டம் ஒருபக்கம் சரிந்திருந்தால், அந்தப் பக்கத்து அடித்தளம் அமிழ்ந்திருக்கலாம். தலைச்சட்டம் நடுவில் தொய்ந்திருந்தால், மேலிருந்து வரும் சுமை நிலையின்மேல் இறங்குகிறது என்று பொருள். மைசூரின் பழைய கட்டடங்கள் பலவற்றின் கூரை மெட்ராஸ் டெரஸ் முறையில் அமைந்தது: மர விட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் செங்குத்தாக அடுக்கி, மேலே தளம் போடும் முறை. அவ்விட்டங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும். மேல்தளத்தில் நீர் தேங்கிக் கசிந்தால் முதலில் உளுத்துப்போவது கண்ணுக்குத் தெரியாத அந்த முனைகளே. நிலைக்காலின் அடி தரைக்குள் புதைந்திருந்தால் கரையானும் அங்கிருந்தே ஏறும். நிலையின் மேல்மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஏறும் வெடிப்பு புதியதா பழையதா என்பதையும் பார்க்கவேண்டும். உள்ளே பழைய வண்ணம் படிந்திருந்தால் அது எப்போதோ நின்றுபோன வெடிப்பு. விளிம்பு கூர்மையாகவும் உள்ளே வெளுப்பாகவும் இருந்தால் அது நேற்றையது.

ஐயம் இருந்தால் அதைத் தீர்க்க மிகப் பழைய முறை ஒன்று உண்டு. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனைகளிலும் காரையால் ஒட்டி, அதனருகில் தேதியை எழுதிவைப்பது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்து கண்ணாடி முழுதாக இருந்தால், சுவர் ஓய்ந்துவிட்டது, பட்டி அடிக்கலாம். கண்ணாடி உடைந்தால், அழைக்கவேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர், தச்சர் அல்லர்.

இந்த எச்சரிக்கை வெறும் கற்பனை அன்று. வைசிராய் லான்ஸ்டவுன் பிரபுவின் வருகையை ஒட்டி 1892-இல் எழுப்பப்பட்ட லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் சரிந்து நான்கு உயிர்களைக் கொண்டுபோனது. தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி 2016 ஆகஸ்டில், சீரமைப்புப் பணி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, இடிந்து விழுந்தது. மகாராணி அறிவியல் கல்லூரியின் பழைய கட்டடத்தில் ஒரு பகுதி 2022 அக்டோபரில் வீழ்ந்தது. முதலிரண்டையும் இடிப்பதா காப்பதா என்ற வழக்காடல் பல ஆண்டுகள் நீண்டு நீதிமன்றம் வரை சென்றது. ஒரு தரப்பு கட்டடங்களைக் கிழவர்கள் என்றது. மறுதரப்பு பெருமை என்றது. கட்டடங்கள் விழுவதற்கு முன் எத்தனை கதவுகள் சாத்தமறுத்தன, எந்த விட்டத்தின் முனையில் ஈரம் இருந்தது, அவற்றைக் குறித்துவைக்கும் கடமை யாருக்கு இருந்தது என்பதைப் பற்றி இரு தரப்பும் போதிய அளவு பேசவில்லை. இடிப்போரும் காப்போரும் ஒரே பிழையைச் செய்தனர்: கட்டடத்தை ஒரு முழுப்பொருளாக மட்டும் கண்டனர், அதன் மூட்டுகளைப் பார்க்கவில்லை.

இத்தாலியில் இதற்கு இணையான கதை ஒன்று உண்டு. 1989-இல் பவியா நகரின் பழைய கோபுரம் திடீரென்று சரிந்து நால்வர் இறந்தனர். அடுத்த ஆண்டே பைசா நகரின் சாய்ந்த கோபுரம் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அக்கோபுரத்தை இடிக்கவில்லை, நிமிர்த்தவும் இல்லை. உயர்ந்த பக்கத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாக அகற்றி, சாய்வைச் சுமார் ஐந்தரைப் பாகையிலிருந்து நான்கு பாகை அளவுக்குக் குறைத்து, 2001-இல் மீண்டும் திறந்தனர். நடுக்காலத்தில் அதைக் கட்டியவர்களும் அவ்வாறே நடந்துகொண்டவர்கள். அடித்தளம் அமிழ்ந்ததை அறிந்து, மேல்தளங்களை ஒருபக்கம் சற்று உயர்த்திக் கட்டினர். அதனால் அக்கோபுரம் சாய்ந்தது மட்டுமன்று, மிக மெல்ல வளைந்ததுமாகும். கோணலை ஒப்புக்கொள்வது, அதன் காரணத்தை நிறுத்துவது, எஞ்சியதோடு பொருந்திப்போவது என்ற வரிசை அங்கே பின்பற்றப்பட்டது. கோணிய நிலைக்குப் பட்டி அடிக்கும் நல்ல தச்சரின் வரிசையும் இதுவே.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. இத்தனை பொறுமைக்குக் கூலி யார் தருவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கணக்கை முழுதாகப் போடவேண்டும். நிலையைப் பெயர்ப்பதற்கான கூலி, புதிய நிலையின் விலை, உடைந்த சுவரை ஒட்டும் செலவு, தரை விளிம்பைச் சரிசெய்யும் செலவு ஆகியவற்றோடு ஒப்பிட்டால், ஒரு தச்சரின் கூடுதல் அரைநாள் பெரிதன்று. மலிவாகத் தோன்றுவது ஒப்பந்தக்காரருக்கு மலிவு, வீட்டுக்காரருக்கு அன்று. நிலத்தின் விலை ஏறிவிட்ட நகரில் பழைய வீட்டைக் காப்பதே மடமை என்றும் சொல்லலாம். பிளேக் நோய்க்குப் பின் 1903-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைந்து, காற்றும் வெளிச்சமும் புகும் புதிய குடியிருப்புகளை வகுத்தபோதும் மைசூர் பழையதைக் கைவிட்டுத்தான் புதியதைக் கட்டியது என்பதும் உண்மை. இடிக்கவேண்டிய கட்டடங்கள் இருக்கவே செய்கின்றன. ஆனால் அளந்து பார்த்து இடிப்பது வேறு. அளக்கச் சோம்பி இடிப்பது வேறு. அளக்கச் சோம்பிக் காப்பதும் அதே குற்றமே.

மானசகங்கோத்திரி வளாகத்திலுள்ள ஜயலட்சுமி விலாச மாளிகை 1905-இல் இளவரசி ஜயலட்சுமி அம்மணிக்காகக் கட்டப்பட்டது. அதில் செதுக்கு வேலைப்பாடு கொண்ட கதவுகள் 287 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 2000-களில் இன்போசிஸ் அறக்கட்டளையின் உதவியோடு அது புதுப்பிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே மீண்டும் பழுதுபார்க்கவேண்டிய நிலை வந்தது. பெருந்தொகையில் ஒரு முறை புதுப்பித்துவிட்டு மறந்துவிடும் பழக்கத்தின் விளைவு இது. 287 கதவுகள் என்றால் 287 நிலைகள். 287 நிலைகள் என்றால் 287 அளவுகருவிகள். ஒவ்வொரு நிலையின் இரு மூலைவிட்டங்களையும் ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுத இரண்டு மாணவர்களும் ஓர் அளவு நாடாவும் போதும். எந்த மூலையில் கட்டடம் நகர்கிறது என்பதை விலைமிகுந்த கருவிகளுக்கு முன்பாகவே அக்குறிப்பேடு சொல்லிவிடும். அதே முறையை நகரின் பழைய பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் விரிக்கலாம். மாநகராட்சியும் தொல்லியல் துறையும் பழைய கட்டடங்களை ஆய்வு செய்யும் குழுக்களில் பொறியாளரோடு அனுபவமுள்ள தச்சர் ஒருவரையும் கொத்தனார் ஒருவரையும் சேர்க்கவேண்டும். கதவு ஏன் உரசுகிறது என்பதை அவர்கள் கைதொட்டுச் சொல்லுவார்கள்.

வீட்டுக்காரர்கள் செய்யவேண்டியது அதனினும் எளிது. புதுப்பிக்கும் பணியில் பழைய பட்டியைக் கழற்றும் அன்று, புதியதை உடனே அடிக்கவிடாமல், நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பை ஒருமுறை பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். இரு மூலைவிட்டங்களையும் அளந்து, நிலைக்காலின் பின்புறத்தில், பட்டி மறைக்கப்போகும் இடத்தில், தேதியோடு எழுதிவைக்கவேண்டும். இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பட்டியைக் கழற்றும் தச்சருக்கு அந்த இரண்டு எண்கள் போதும். அளவு மாறவில்லையென்றால் அவர் அமைதியாகத் தம் வேலையைத் தொடர்வார். மாறியிருந்தால், அந்த வீட்டில் உறங்குவோரைக் காக்க அவருக்குக் காலம் இருக்கும்.